படிக்கட்டுக்கு அடியில் பழைய புல்லட் கிடக்குதா? காயலான் கடைக்குப் போடும் முன் இரண்டு நம்பரைப் பாருங்க

பழைய புல்லட் பற்றி நமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். "அப்பா ஓட்டின வண்டி வீட்ல கிடக்குது சார், எவ்ளோ போகும்?" இது விற்கப் போகிறவர். "1957 மாடல், ஒரிஜினல் இங்கிலாந்து வண்டி, மூணரை லட்சம் கேக்கறாங்க, வாங்கலாமா?" இது வாங்கப் போகிறவர். இரண்டு பேருமே விலையைத்தான் முதலில் கேக்கறாங்க. நான் இரண்டு பேரிடமும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது என்ன வண்டின்னு உங்களுக்கு உறுதியா தெரியுமா?

ஒரு பங்கை வாங்கும்போது அது எந்தக் கம்பெனியோட பங்கு என்பதில் சந்தேகமே வராது. டீமேட்டில் பெயர் இருக்கும். பழைய புல்லட்டில் அப்படி இல்லை. டேங்க் ஒரு வருஷத்தோடது, இன்ஜின் இன்னொரு வருஷத்தோடது, ஆர்.சி. மூன்றாவது வண்டியோடது என்று ஒரே வண்டிக்குள் மூணு வண்டி இருக்கலாம். அதற்கு நீங்க கொடுக்கப்போகும் பணம் மட்டும் நிஜம்.

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு நான்தான் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். அவங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில் கணவர் ஓட்டிய புல்லட் பல வருஷமாகக் கிடக்கிறது. அவர் 2014-ல் தவறிவிட்டார். காயலான் கடைக்காரர் 22,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். அடுத்த மாசம் வேறு ஒருத்தர் வந்து 65,000 என்றார். அதே ஆள் ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலேயே 1,20,000 என்றார். அக்காவுக்கு அதில்தான் பயம் வந்துவிட்டது. "தம்பி, இன்னா வண்டின்னே தெரியாம நான் எப்படிப்பா விக்கிறது? நீ ஒரு வாட்டி வந்து பாரு" என்றார். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு சொத்தோட அடையாளத்தைச் சரிபார்ப்பது ஆடிட்டர் வேலைதானே. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே என்ன பார்த்தோம் என்பதைச் சொல்லும் முன் கொஞ்சம் வரலாறு தேவை. இது தெரியாவிட்டால் "ஒரிஜினல்" என்ற வார்த்தைக்கே அர்த்தம் புரியாது.

ரெடிட்ச்சிலிருந்து திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊர்க் கம்பெனி. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. நாம் இன்றைக்குப் பார்க்கும் உருவத்துக்கு முன்னோடியான, பின்பக்கம் ஷாக் அப்சார்பரும் ஸ்விங் ஆர்மும் உள்ள புல்லட், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1940-களின் கடைசியில் வந்தது.

இந்தியக் கதை ராணுவத்தில் தொடங்குகிறது. 1952-ல் இந்திய ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் 800 புல்லட் 350-க்கு ஆர்டர் போனது. 1953 தொடக்கத்தில் வண்டிகள் வந்தன. 1955-ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை உருவாக்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். 1956-ல் அது திறந்தது. ஆரம்பத்தில் இங்கே வண்டி தயாரிக்கவில்லை. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அந்த 1956 முடிவதற்குள் மொத்தம் 163 வண்டிகள்.

இந்த 163-ஐ மனசுல வச்சுக்கோங்க. "1956 மெட்ராஸ் புல்லட்" என்று யாராவது விற்க வந்தால், உலகத்திலேயே மொத்தம் 163-தான் அப்படி இருக்க முடியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்க. நிஜமாக வைத்திருப்பவர் உடனே பேப்பரை எடுத்து நீட்டுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தன. அந்தப் பக்கம் ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. தாய் வீடு மூடிவிட்டது, நம்ம வடசென்னையில் அதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் என்று சங்கு ஊதினால் தெருவே சைக்கிளால் நிரம்பிய காலம். அந்த வரிசையில் இதை மட்டும்தான் ஒரு சாமானியர் தன் சொந்தப் பெயரில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்த முடிந்தது.

1990-ல் ஐஷர் குழுமம் உள்ளே வந்தது, 1994-ல் முழுவதும் கைக்கு எடுத்துக்கொண்டது. கம்பெனிப் பெயரும் மறுபடி ராயல் என்ஃபீல்டு ஆனது. 2013-ல் ஒரகடம் தொழிற்சாலை.

பணக் கோணத்தில் இந்த வரலாற்றில் முக்கியமானது ஒன்றுதான். 1950-களின் அந்த டிசைன் ஐம்பது வருஷம் பெரிதாக மாறவே இல்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர். அதனால் 1965 வண்டியில் 1992 இன்ஜின் உட்காரும். 1988 சேசிஸில் 1960-களின் டேங்க் பொருந்தும். ஓட்டுகிறவருக்கு இது வரம். எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். வாங்குகிறவருக்கு இதுதான் ஆபத்து. பார்வைக்கு எல்லாமே "ஒரிஜினல்" மாதிரி இருக்கும்.

இரும்பைப் படிப்பது

அக்கா வீட்டில் முதல் வேலை, மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ், துணி. சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துக் குழாயில் குத்தியிருக்கும். இன்ஜின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே கிராங்க்கேஸில். இரண்டு இடத்திலும் நாற்பது வருஷ கிரீஸும் தூசியும் கல்லாகிப் போயிருக்கும். தயவுசெய்து எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்தின் ஆழம் போய்விடும், நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் "இதை யாரோ தேய்ச்சிருக்காங்க" என்ற சந்தேகத்துக்கு நீங்களே இடம் கொடுத்தது போல ஆகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காய்ந்த பிறகு சாக்பீஸைத் தடவித் துடையுங்க. பள்ளத்தில் வெள்ளை நிற்கும், நம்பர் படிக்கலாம். அப்புறம் மெல்லிய பேப்பரை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரின்ட் எடுங்க. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே சேசிஸ் பிரின்ட்தான்.

நம்பரைப் படிப்பதோடு, நம்பர் எப்படி இருக்கு என்பதையும் பாருங்க. எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில், ஒரே பாணியில் இருக்கா? அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் ஓடிய கோடுகள் தெரியுதா? மொத்த வண்டியும் துருப்பிடித்திருக்க, கழுத்துக் குழாயில் மட்டும் புதுப் பெயின்ட் தடிமனாக இருந்தால் அங்கேயே நில்லுங்க. அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம்பரைத் திருத்திய வண்டியை வாங்கினால் நீங்க வாங்குவது ஒரு கிரிமினல் வழக்கு.

நம்பர் தவிர, வண்டியின் உடம்பும் சில விஷயம் சொல்லும். ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, இரண்டு ஓரத்திலும் கண் மாதிரி சின்ன விளக்கு வைத்திருப்பார்களே, அந்த மூடிக்கு காஸ்கெட் என்று பெயர். ரெடிட்ச்சில் அது 1954 மாடலில்தான் வந்தது. ஆகவே "1951 மாடல்" என்று சொல்லும் வண்டியில் அது இருந்தால், ஒன்று வருஷம் பொய், அல்லது முன்பக்கம் மாற்றப்பட்டிருக்கிறது. கியர் வலது காலில் இருக்கணும், பிரேக் இடது காலில். நாலு கியர். கியர் லிவருக்குப் பக்கத்தில் நியூட்ரல் ஃபைண்டர் என்ற குட்டி மிதி இருக்கும். கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக இன்ஜினின் பின்னால் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். 2008-க்குப் பிறகு வந்த புது இன்ஜின்களில்தான் இரண்டும் ஒரே கூட்டுக்குள். இடது கால் கியர், செல்ஃப் ஸ்டார்ட், முன் டிஸ்க் பிரேக் எல்லாம் 1960-களின் வண்டியில் இருந்தால் அது பின்னால் ஏறியது. ஓட்டுவதற்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் "ஒரிஜினல்" விலை கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பெரிய ஏமாற்று வேலை நடக்கிறது. ஏதோ ஒரு பாகத்தில் "இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது" என்ற முத்திரையைக் காட்டி, "பாருங்க சார், ரெடிட்ச் வண்டி" என்பார்கள். திருவொற்றியூரில் பூட்டிய முதல் வண்டிகளின் பாகங்களே இங்கிலாந்திலிருந்துதானே வந்தன! லூகாஸ் விளக்கு, ஸ்மித்ஸ் மீட்டர், ஆமல் கார்புரேட்டர் எதுவும் வண்டியின் பிறந்த ஊரைச் சொல்லாது. நிஜமாகவே ரெடிட்ச் வண்டி என்றால் அதற்கு வேறு வழி இருக்கு. அந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்த நம்பர் வண்டி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதிய லெட்ஜர்கள் இன்றும் பிழைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் உள்ள ராயல் என்ஃபீல்டு ஓனர்ஸ் கிளப் அவற்றை வைத்து வண்டியின் தேதிக்குச் சான்று தருகிறது. மூணு லட்சம் கொடுக்கப் போகிறவர், நம்பரை அனுப்பி அந்தச் சான்றுக்குக் காத்திருக்கலாம். காத்திருக்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

டேங்க் பேட்ஜை வைத்து மட்டும் வருஷம் சொல்லவே சொல்லாதீங்க. புதுப்பேட்டையில் அரை நாள் சுற்றினால் எந்தக் காலத்துப் பேட்ஜும் கிடைக்கும்.

ஆர்.சி. புக்கை லெட்ஜர் மாதிரி படிங்க

இப்போதைய ஸ்மார்ட் கார்டில் கதை இருக்காது. பழைய ஆர்.சி. புக்கில் இருக்கும். அக்கா வீட்டு பீரோவில், கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் அது பத்திரமாக இருந்தது. எனக்கு இந்த மாதிரி புக் கையில் கிடைத்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

முதலில் பதிவெண். 1989 ஜூலை 1-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மூன்று ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும்தான். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்குபவை மெட்ராஸ் கால வாசனை, டி.என்., டி.எம். என்று தொடங்குபவை பின்னால் வந்தவை. அப்படி இல்லாமல் இன்றைய பாணியில் மாவட்ட எண்ணோடு நம்பர் இருந்து, வண்டி மட்டும் "1965" என்றால் கேள்வி கேட்கணும். மறுபதிவா, ராணுவத்திலிருந்து தாமதமாக வெளியே வந்ததா, வேறு வண்டியின் நம்பரா?

அக்காவின் வண்டியில் பதில் இரண்டாவதுதான். புக்குக்குள் மடித்து வைத்த ஒரு விற்பனைக் கடிதம் இருந்தது. ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்தில் போன வண்டி. 1974-ல்தான் முதன்முதலாக சிவில் பதிவு. அக்காவின் கணவர் 1981-ல் வாங்கியவர், மூன்றாவது கை. அதாவது வண்டி பிறந்த வருஷம் 1974-க்கும் முன்னால், ஆர்.சி. சொல்வது பதிவு வருஷத்தை மட்டும். அந்த இரண்டாவது ஆள் ஒரு வாரத்தில் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் தடவை வந்தபோது அக்கா வெள்ளந்தியாக அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியிருக்கிறார்.

அடுத்து நம்பர்களை ஒப்பிட்டோம். சேசிஸ் நம்பர் ஒவ்வொரு இலக்கமும் பொருந்தியது. இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை. அக்கா முகம் வாடிவிட்டது. "அவரு திருட்டு வண்டியெல்லாம் ஓட்டலப்பா" என்றார். ஓட்டியிருக்க மாட்டார்தான். அந்தக் காலத்தில் கிராங்க்கேஸ் உடைந்தால் வேறொரு இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்ச் சொல்ல யாருக்கு நேரம்? ஆனால் சட்டம் அதை ஏற்காது. இன்ஜின் மாற்றினால் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அது இல்லாதவரை அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு வீட்டில் இருப்பவர்தான் பதில் சொல்லணும்.

இந்த இடத்தில் ஒரு இலவசச் சோதனை இருக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் பதிவெண், சேசிஸ், இன்ஜின் நம்பர்களைக் கொடுத்தால், திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். அக்காவுக்கு இரண்டு நம்பரையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம், பொருத்தம் எதுவும் வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் பரிவாகன் தளத்திலும் பாருங்க. அங்கே விவரமே வரவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டாதீங்க. பழைய வண்டிகள் பலவற்றின் பதிவேடு இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றப்படாமல் இருக்கு. பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்கணும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரே இதைச் செய்து தரட்டும்.

ஆர்.சி. புக்கில் பலர் கவனிக்காத பக்கம், ஹெச்.பி. குறிப்பு. ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிடம் தவணையில் எடுத்தது, கடன் தீர்ந்துவிட்டது, ஆனால் படிவம் 35 கொடுத்து அந்தக் குறிப்பை யாரும் நீக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியே இல்லை. என்.ஓ.சி. யாரிடம் வாங்குவது? கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பழைய பெயரைத் தேடுங்க. பல ஃபைனான்ஸ் கம்பெனிகள் பெயர் மாறியோ வேறொன்றோடு இணைந்தோ இருக்கும், இணைந்த கம்பெனிதான் கடிதம் தரணும். கலைக்கப்பட்ட கம்பெனி என்றால் மாதக்கணக்கில் அலைச்சல். இந்த ஒரு குறிப்புக்காகவே விலையில் நல்ல தொகையைக் குறைத்துக் கேளுங்க.

உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளில் தகவல் தரணும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். அக்கா வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் தாமதம். அபராதமும் வாரிசுச் சான்றிதழும் பிள்ளைகளின் சம்மதக் கடிதமும் சேர்ந்து கொஞ்சம் வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை. இறந்தவர் பெயரிலேயே, கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30-ஐ வைத்து விற்பதுதான் எங்க ஏரியாவில் சர்வ சாதாரணம். அந்தக் கையெழுத்து யார் போட்டது? வாங்கினவர் அந்த வண்டியை எங்காவது மோதினால் வழக்கு யார் வீட்டுக்கு வரும்? ஆர்.சி.யில் இருக்கும் விலாசத்துக்குத்தான்.

விண்டேஜ் பதிவு லாபமா?

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. பழைய பதிவெண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் நம்பர் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று அளவோடுதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை ஒரு ரவுண்டு போய் மீன் வாங்கி வருவதற்கு இது உதவாது. அக்கா வண்டி 1974 பதிவு என்பதால் 50 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் இன்ஜின் மாறியது. அதனால் முதலில் வாரிசுப் பெயர் மாற்றம், அப்புறம் இன்ஜின் மாற்றத்துக்கு ஒப்புதல், பிறகு சாதாரணப் புதுப்பிப்பு என்று வரிசை போட்டோம். 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. தாமதத் தொகை, பசுமை வரி தனி.

இது முதலீடா?

பலர் என்னிடம் எதிர்பார்க்கும் பதில் "ஆமாம்". எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. வண்டி 1,80,000. சரிசெய்ய 1,20,000. மொத்தம் 3 லட்சம். பத்து வருஷம் கழித்து 4.5 லட்சத்துக்கு விற்றால் ஒன்றரை லட்சம் லாபம் என்று தோணும். ஆண்டுக்கு அது 4.1% கூட்டு வளர்ச்சி. அதே 3 லட்சம் 7% வட்டியில் இருந்தால் ஏறக்குறைய 5.9 லட்சம். பத்து வருஷ இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர், மெக்கானிக் கூலி இதில் சேர்க்கவே இல்லை. உப்புக்காற்று வேறு; ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு என்றால் குரோமியம் பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எஸ்.ஐ.பி.யை நிறுத்திப் புல்லட் வாங்காதீங்க. ஆசைக்கு வாங்குங்க, ஆசைக்கான பணத்தில் வாங்குங்க.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம்: ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. மூன்று லட்சம் செலவழித்துவிட்டு பாலிசியில் 15,000 என்று இருந்தால் திருடு போன அன்று அந்த 15,000-தான். பில்களையும் போட்டோக்களையும் கொடுத்து எழுத்தில் பேசுங்க.

விற்கும்போது வரி? சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள், சட்டத்தின் பார்வையில் மூலதனச் சொத்து இல்லை; நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் தொகுப்பு போன்றவை மட்டும் விதிவிலக்கு. ஆகவே வீட்டுப் புல்லட்டை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டம் வந்தால் அதையும் கழிக்க முடியாது. ஆனால் "சொந்த உபயோகம்" என்பது வெறும் வார்த்தை இல்லைங்க. 1976-ல் மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில், லட்சுமி பூஜைக்கு வைத்திருந்த தங்கக் காசுகளும் வெள்ளிக் கட்டிகளும் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து புல்லட் வாங்கி, ஒருநாள்கூட ஓட்டாமல் கவர் போட்டு வைத்து, விலை ஏறியதும் விற்பவர் இந்தச் சலுகையை நம்பக்கூடாது. அதையே வழக்கமாகச் செய்தால் அது வியாபார வருமானம். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த வண்டிக்கு வாங்கும்போதும் வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்தக் கொள்கை அப்படியேதான்.

அக்கா கேட்ட நல்ல கேள்வி: "எனக்குத்தான் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கே, இதுக்கும் கட்டணுமா?" வேண்டாம். வண்டி கடைக் கணக்கில் இல்லை, கடை வியாபாரத்தோடு சம்பந்தமும் இல்லை. பழைய வண்டி வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யும் பதிவுபெற்ற வியாபாரிக்குத்தான் 2025 ஜனவரி முதல் லாபப் பகுதியின் மேல் 18%.

பணம் வாங்கும்போது மட்டும் கவனம். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2,25,000-க்கு விற்று, முழுவதும் நோட்டாக வாங்கினால், வாங்கியவருக்கு அபராதம் அதே 2,25,000. "இன்னைக்கு ஒரு லட்சம், நாளைக்கு ஒன்னேகால்" என்று பிரித்தாலும் பரிவர்த்தனை ஒன்றுதான். அந்த இரண்டாவது ஆள் "பேங்க் வேணாம்மா, கையில தர்றேன்" என்றுதான் ஆரம்பித்தார். பெயர் மாற்றம் முடியும்வரை வண்டி படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும், பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் சாவி என்று அக்கா சொல்லிவிட்டார். சேசிஸ் பிரின்ட், விற்பனைக் கடிதம், ஆர்.சி. புக்கின் ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் செய்து பிள்ளைகளின் மெயிலுக்கு அனுப்பியாயிற்று. ஒரிஜினல் கடிதத்தை இனி யார் கேட்டாலும் ஜெராக்ஸ்தான்.